வீடு மாறினோம்

சென்ற இரண்டு ஞாயிறுகளிலும் இப்பகுதி வெளிவராமை கண்டு, நேயர் சிலர் கடிதம் வாயிலாகவும், வேறு சிலர் எம்மை வழியிற் கண்டபோதும் காரணம் வினவினர். நோயுமில்லை, நொடியுமில்லை. வீடு மாறினோம், அவ்வளவே. ஆயினும், வீடு மாறுதல் நோயினும் சற்றுக் கடியதென்பதை அனுபவித்தவர் அறிவர். நோயாளிக்குச் சாய்ந்து கிடக்கக் கட்டிலாவது உண்டு. வீடு மாறுபவனுடைய கட்டிலோ முதல் நாளே கழற்றப்பட்டுக் கயிற்றினாற் கட்டப்பட்டு விறாந்தைச் சுவரிற் சார்த்தப்பட்டு விடுகின்றது.

கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டில் 11 ஆண்டுகள் இருந்தோம். வீட்டுக்காரரின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து, வளவை விற்கப் போவதாக மிக்க மரியாதையுடன் தெரிவித்தனர். அவர்களை நோவதற்கில்லை. மீசாலையில் எமது மனைவியாருக்குச் சீதனமாக வந்த காணியில், நான்கு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக எழுந்துகொண்டிருந்த வீடொன்று உண்டு. கூரை முடிந்து, நிலவேலை முற்றும் முடியாத அவ்வீட்டுக்கே குடிபோவதென்று தீர்மானமாயிற்று. ஆடி பிறக்குமுன் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. எனவே ஆனி மாதத்து நல்ல நாளொன்றிற் பால் காய்ச்சிவிட்டு வந்து, பொதி கட்டத் தொடங்கினோம். இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். லொறிக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தின் பொருட்டு மூன்று வாரம் பாடுபட்டோம்.

வீட்டை மூன்று இராச்சியங்களாகப் பிரித்துக்கொண்டோம். குசினியும் உடுப்பு அலுமாரிகளும் மனைவியார் ஆட்சியில். சாமியறையும், அம்மி, ஆட்டுக்கல், உரல் முதலிய கனவான்களும் அம்மாவின் ஆட்சியில். எழுத்தறை எமக்கு. கல்லூரியாசிரியன் ஒருவனுக்கு வீட்டில் உள்ள எழுத்தறை என்பது அரைக் காரியாலயம் போன்றது. மேசை, கணினி, அச்சுப்பொறி, நான்கு புத்தக இறாக்கைகள், 19 ஆண்டுப் பாடக்குறிப்புகள், மாணவர் பெயர்ப் பட்டியல்கள், பழைய வினாத்தாள்கள், இப்பகுதிக்கு வந்த நேயர் கடிதங்கள். ஓர் அறைதானே, இரண்டு நாள் போதும் என்று எண்ணினோம்.

இரண்டு நாளில் முடித்தவர் மனைவியார். பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வையாது, புத்தகங்களைப் போல விளிம்பில் நிறுத்தி, இடையிடையே கடதாசி செருகினார். படுக்க வைத்தால் மேலுள்ள பாரமும் தெருவின் குலுக்கமும் அடித்தட்டின் நடுவைத் தாக்கும். நிறுத்தினால் விளிம்பு தாங்கிக்கொள்ளும். கண்ணாடிக் குவளைகளுக்குள் துணி. போத்தல்களுக்கு இடையிற் சேலை. தனித் துணி வாங்க வேண்டியதில்லை, எப்படியும் துணிகளும் போகத்தானே வேண்டும் என்றார். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் ஆகியவற்றை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கினார். ஒரு கோப்பையைச் சுற்றியிருந்த கடதாசியை நாம் விரித்துப் பார்த்தபோது, அது சென்ற ஆண்டு இதே பகுதியில் நாம் எழுதிய கட்டுரையாக இருந்தது. எழுத்துத் தொழிலில் இத்தனை ஆண்டுகளில் எம்மால் யாதொரு பயனும் விளையவில்லை என்று இனி ஒருவரும் சொல்லுதற்கில்லை. கோப்பை உடையாமற் போய்ச் சேர்ந்தது.

அம்மாவின் இராச்சியத்தில் ஆட்டுக்கல்லைப் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. மின்னரைப்பான் வந்தபின் அது கிணற்றடியில் மழையில் நனைந்து கிடந்த பொருள். லொறிக்காரரோ நிறையைப் பார்த்துக் கூலி பேசுபவர். “அதை ஆருக்கேனும் குடுத்துவிடுவம் அம்மா” என்றோம். “குடுக்கலாம் தம்பி. நானும் அதோட அங்க போய் இருக்கிறன்” என்றார் அம்மா. வழக்கு அத்துடன் தள்ளுபடியாயிற்று. பழைய விளக்குமாற்றை மட்டும் கொண்டுபோகக் கூடாது என்று அவரே விட்டுக்கொடுத்தார்.

இனி எமது எழுத்தறைக்கு வருவோம். முதல் நாளே ஒரு பாடம் கற்றோம். உதவிக்கு வந்த உயர்தர வகுப்பு மாணவர் இருவர், கடையிலிருந்து கொணர்ந்த பெரிய பிஸ்கட் பெட்டியொன்றிற் புத்தகங்களை வாய் நிறைய அடுக்கி, இருபுறமும் பிடித்துத் தூக்கினர். பெட்டி மேலே வந்தது. புத்தகங்கள் நிலத்திலேயே இருந்தன. பிஸ்கட்டுக்கு அமைந்த அடிப்பகுதி அகராதியைத் தாங்குமா? கடதாசியின் பாரத்தை நாம் எப்போதும் குறைவாகவே மதிக்கின்றோம். நாம் நாள்தோறும் அச்சுப்பொறியில் இடும் 80 கிராம் வகைக் கடதாசி, 500 தாள் கொண்ட கட்டொன்று ஏறக்குறைய 2½ கிலோகிராம் நிறையுடையது. அத்தகைய கட்டுகள் பன்னிரண்டு கொள்ளும் சிறிய பெட்டி 30 கிலோவைத் தொட்டுவிடும், ஒருவர் தூக்கத்தக்கதன்று. எனவே புத்தகத்துக்குச் சிறிய பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி என்பதே முறை. பெரிய பெட்டி மட்டும் அகப்பட்டால் அடியிற் பாதி புத்தகமும் மேலே துணியுமாக நிரப்பலாம். புத்தகங்களைப் படுக்க வைத்தல் நன்று. சாய்த்து வைத்தால் முதுகு முறுகிக் கட்டு விட்டுப்போகும்.

இந்த வகையில் எம் பாட்டனார் காலத்தவர் எம்மினும் வசதி படைத்தவர். அவர் அரசாங்க எழுதுவினைஞர். இரத்தினபுரி, பதுளை, குருநாகல் என்று மாற்றம் வருந்தோறும் புகையிரதத்திற் குடும்பத்தையும் பொருளையும் ஏற்றித் திரிந்தவர். அவர்களுக்குத் தேயிலைப் பெட்டிகள் இருந்தன. மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்புகளிலே தகரப் பட்டி, உள்ளே ஈரம் புகாவண்ணம் உலோகத் தகடு. தேயிலையைக் கடல் கடந்து கொண்டுபோகச் செய்த பெட்டி, பின்பு எழுதுவினைஞர் வீட்டுப் பொருளையெல்லாம் சுமந்தது. தேயிலை கடதாசிச் சாக்குகளிற் போகத் தொடங்கிய பின்னர் அப்பெட்டி அருகிப்போயிற்று. பாட்டனாரின் பெட்டிகளுள் ஒன்று இன்னும் எம்மிடம் இருக்கின்றது. எழுத்தறையின் மூலையில், அதன்மேல் அச்சுப்பொறியை வைத்திருந்தோம். உள்ளே இருப்பன தந்தையாரின் கடதாசிகள். கடைசி நாள்வரை அதைத் திறவாது தள்ளிப்போட்டோம்.

ஏனைய கடதாசிகளை மூன்று குவியலாக்கினோம்: கொண்டுபோவன, கொடுப்பன, எறிவன. முதலாம் நாள் மாலை முதற் குவியல் மலையாகவும், இரண்டாவது புற்றாகவும் இருந்தன. மூன்றாவதில் ஒரு மின்சாரப் பற்றுச்சீட்டு மட்டுமே கிடந்தது. பாடத்திட்டம் மாறிப் பயனற்றுப்போன குறிப்புகளையும் கையில் எடுத்து, இரண்டு பக்கம் வாசித்து, மீண்டும் முதற் குவியலிலேயே வைத்தோம். இது சோம்பல் மட்டுமன்று என்று எமக்குத் தோன்றுகின்றது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்த ஊர் இது. அக்காலத்தில் நாம் கைக்குழந்தை. ஆயினும் எழுதிய தாளை எறியக் கை கூசுவதை அவ்வூரிலே வளர்ந்த எம்மவர் பலரிடம் கண்டிருக்கின்றோம். எனினும் கூச்சத்துக்கு லொறியில் இடமில்லை. மூன்றாம் நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, வேறெங்கும் பெறத்தக்க அச்சு நூல்களுள் இரட்டைப் பிரதிகளை ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கொடுத்தோம். மாறிய பாடத்திட்டக் குறிப்புகளை எறிந்தோம். கையெழுத்தாக இருந்தவை மட்டும் தப்பின.

கணினியிற் சேமித்தவற்றையெல்லாம் தனி வன்தட்டொன்றிற் பிரதி செய்து, அதைக் கைப்பையில் இட்டோம். கம்பிகளைக் கழற்றுமுன் எது எங்கே செருகியிருந்தது என்று கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டமை, இம்மூன்று வாரத்தில் நாம் செய்த ஒரே புத்திசாலித்தனம். பெட்டிகளுக்கு இலக்கமிட்டு, எந்த இலக்கத்துள் எது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். அதுவும் நல்ல முறையே. ஆனால் இலக்கத்தைப் பெட்டியின் மேற்புறத்தில் மட்டும் எழுதினோம். புது வீட்டிற் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியபின் ஓர் இலக்கமாவது கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கங்களில் எழுத வேண்டும். நேயர்கள் நினைவிற் கொள்க.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு தேயிலைப் பெட்டியைத் திறந்தோம். அதைச் சொல்வதற்கு முன், வேறொரு புறப்பாட்டைச் சொல்ல வேண்டும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி. படையினர் யாழ்ப்பாண நகரை நெருங்கிக்கொண்டிருந்தனர். வலிகாமத்து மக்கள் யாவரும் உடனே தென்மராட்சிக்குப் பெயர வேண்டும் என்று அன்று ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. அப்பொழுது நாம் திருநெல்வேலியில் எமது சொந்த வீட்டில் இருந்தோம். எமக்கு வயது 14. பொதி கட்ட எமக்குக் கிடைத்தது மூன்று வாரமன்று. ஒரு மணி நேரமும் முழுதாக இல்லை. வாகனம் ஒரு துவிச்சக்கர வண்டி. பின்னே அரிசிச் சாக்கும் உடுப்புப் பொதியும், முன்னே தங்கை, கைபிடியிற் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள் அடங்கிய பை. மற்றக் கைபிடியிலும் ஒரு பை தொங்கியது. “அதென்ன?” என்று அம்மா கேட்டார். “பிள்ளையளின்ர பேப்பர்” என்றார் தந்தையார். அவர் கற்பித்த ஒன்பதாம் வகுப்பின் தமிழ்ப் பரீட்சை விடைத்தாள்கள் 42, திருத்தாதவை. “எங்கட பிள்ளையளுக்கு ஒரு சட்டி கொண்டுவர இடமில்லை” என்று அம்மா அழுதார். தந்தையார் மறுமொழி கூறவில்லை, பையையும் இறக்கவில்லை.

அன்றிரவு மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் இலட்சக்கணக்கானோர் அடி அடியாக நகர்ந்தனர். அதனை எழுதியோர் பலர். நாம் மீண்டும் விரித்துரைக்க விரும்பவில்லை. சாவகச்சேரிப் பக்கத்திற் பாடசாலையொன்றின் வாங்கில் இருந்துகொண்டு தந்தையார் அவ்விடைத்தாள்களைச் சிவப்புப் பேனையால் திருத்தியது மட்டும் கண்முன் நிற்கின்றது. ஓரங்கள் நனைந்து மை பரவியிருந்தன. திருத்தியபின் அந்தப் பையுடனேயே திரிந்தார். நிவாரண வரிசையிலோ, கோயிலடியிலோ, சந்தையிலோ தம் மாணவரைக் கண்டால் விடைத்தாளைக் கொடுத்து, பிழைகளை அவ்விடத்திலேயே விளக்கினார். சிலர் சிரித்தனர் என்று நினைக்கின்றோம். சில குடும்பங்கள் வன்னிக்குச் சென்றுவிட்டன.

1996 ஏப்ரலில் வீடு திரும்பியபோது இறாக்கைகள் வெறுமையாக இருந்தன. நிலத்திற் கிடந்த சில நூல்களைக் கறையான் உண்டிருந்தது. பழைய பாடசாலைக் குறிப்புகள் நிறைந்த தேயிலைப் பெட்டி மட்டும் வைத்த இடத்திலே இருந்தது. ஒருவருக்கும் வேண்டாத பொருள் போலும். பின்னர் அவ்வீடு தங்கைக்குச் சீதனமாயிற்று. பெட்டி எம்முடன் வந்தது. தந்தையார் 2012 இல் மறைந்தார்.

அப்பெட்டியைத் திறந்தபோது மேலே சணலினாற் கட்டிய சிறு கட்டொன்று இருந்தது. துண்டுக் கடதாசியொன்றில் அவருடைய கையெழுத்து: “கொடுபடாதவை – 7.”

நாம் அதைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தோம். மனைவியார் வந்து பார்த்தார். அவருக்கு நாள் முழுதும் வேலை. மறுநாள் லொறி ஆறு மணிக்கு வரும். “இஞ்சாருங்கோ, முப்பது வருசத்துப் பேப்பர். அந்தப் பிள்ளையளுக்கு இப்ப பேரப்பிள்ளையள் வரப்போகுது. உதையும் கட்டிக்கொண்டு போகப் போறியளோ?” என்றார். அதில் நியாயம் உண்டு. அன்று அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எறிவதானால் தாமே எறிவதென்று கட்டை எம் கையிலிருந்து வாங்கி, சணலை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான்காவதில் நின்றார். பெயரை இரண்டு முறை வாசித்தார். “இது எங்கட பக்கத்து வளவு அக்கா எல்லோ!” என்றார்.

உண்மைதான். 1995 இல் இடம்பெயர்ந்து மீசாலைக்கு வந்து, திரும்பிப் போகாது அங்கேயே காணி வாங்கித் தங்கிவிட்ட குடும்பம். மனைவியார் அவருடன் சிறு வயதில் மாங்காய் பொறுக்கியவர். அதன்பின் அவ்விரவில் எறிதல் பற்றிய பேச்சு எழவில்லை. விடைத்தாள் ஏழும் மனைவியாரின் கைப்பையில், காணி உறுதிக்குப் பக்கத்தில் ஏறின.

மறுநாள் லொறியின் முன் ஆசனத்தில் அம்மா மடியிற் பிள்ளையார் படத்துடன் அமர்ந்தார். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தியே ஏற்றுவித்தோம். படுக்க வைத்தால் அதன் அமுக்கியில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அவ்வாறு நேர்ந்தால், மீண்டும் நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே மின்னைக் கொடுக்க வேண்டும். எரிவாயு உருளையும் நிமிர்ந்தபடியே வந்தது. ஆட்டுக்கல் நடுவில், எல்லாவற்றுக்கும் அடியில், அரசிபோல் வீற்றிருந்தது.

நாவற்குழிப் பாலத்தில் ஏறியபோது அம்மா, “எத்தினை மணி தம்பி?” என்று கேட்டார். ஏழு பத்து என்றோம். “ஆறரைக்குத்தானே வெளிக்கிட்டனாங்கள்” என்றார். சற்று நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்டைக்கு விடியத்தான் இதில வந்தனாங்கள்.” லொறிக்காரர் ஒன்றும் கேளாமலே வேகத்தைக் குறைத்தார். அவரும் அந்த வயதினர்தான்.

புது வீட்டின் முதல் மூன்று நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கத்தரிக்கோல் இரண்டு இருந்தும் ஒன்றாவது அகப்படவில்லை. கேத்தல், தேயிலை, சீனி, கத்தி, தீப்பெட்டி, அம்மாவின் மாத்திரைகள் ஆகியவற்றைத் தனிப்பெட்டியிற் கடைசியாகக் கட்டி, முதலாவதாக இறக்கியபடியால் உயிர் தப்பினோம். புத்தகப் பெட்டிகளைச் செங்கல் பரப்பி அதன்மேல் வைத்துள்ளோம். முடியாத நிலத்திற் கறையானுக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை. கிராம அலுவலரிடம் பதிவு, வாக்காளர் இடாப்பு, தபாற் கந்தோர் ஆகிய அலைச்சல்கள் இன்னும் நடக்கின்றன.

நான்காம் நாள் மாலை மனைவியாரும் நாமும் பக்கத்து வளவுக்குச் சென்றோம். அந்த அம்மையார் படலையடியில் நின்றார். விடைத்தாளைக் கொடுத்தோம். அவர் தம் பெயரைப் பார்த்தார். பின் எழுத்தைப் பார்த்தார். கண்ணாடி எடுத்துவர உள்ளே போனார். 64 புள்ளி. அடியிலே சிவப்பு மையில், “எழுத்து அழகு. சந்தியிற் கவனம் வேண்டும்” என்று இருந்தது. அவர் திண்ணையில் இருந்து முதற் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தார். நாம் கொடுத்ததை மறந்துவிட்டார் போலும். பின்னர் ஓரிடத்தில் விரலை வைத்து, “அண்ணை, இதுக்கு ஏன் மாஸ்டர் இரண்டு புள்ளி குறைச்சவர்? இது சரிதானே?” என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தோம். அது சரியாகவே இருந்தது. மழையில் ஒற்றெழுத்தின் புள்ளி கரைந்திருந்தது. தந்தையார் கவனித்திருக்க மாட்டார். எமது பேனையை எடுத்து 66 என்று திருத்தி, ஒப்பமிட்டுக் கொடுத்தோம். இன்னும் ஆறு இருக்கின்றன.